ஒரே பல்லுல பிராக்கெட் மூணாவது தடவையா கழண்டுடுச்சு, பசை மட்டமா?

கம்பிவாயன்:
கிளிப் போட்டு அஞ்சு மாசம் ஆச்சு. கீழ் வரிசையில வலது பக்கம், கடவாப்பல்லுக்கு முன்னாடி இருக்குற சின்னப் பல்லு, அந்த ஒண்ணுல மட்டும் பிராக்கெட் (கம்பியைப் பிடிச்சுக்க பல்லுல ஒட்டுற குட்டித் துண்டு) நிக்கவே மாட்டேங்குது. மூணாவது தடவையா கழண்டு கம்பியில ஜிமிக்கி மாதிரி ஆடிக்கிட்டிருக்கு. போனா "என்னத்த கடிச்சீங்க"ன்னு முதல் கேள்வி, சத்தியமா கடினமா எதுவும் கடிக்கலங்க. நாக்கால தடவிப் பாத்தா பல்லு வழவழன்னு இருக்கு, பசை மொத்தமும் பிராக்கெட் முதுகிலேயே வந்துடுச்சு. இன்னும் ஸ்ட்ராங்கான பசையா போடச் சொல்லலாமா?

பல்லாண்டு:
நான் பல்லுக்கு கிளிப் போடுற வேலைதான் பாக்குறேன். நீங்க போற போக்குல சொன்னீங்க பாருங்க, பல்லு வழவழன்னு இருக்குன்னு, விஷயமே அங்கதான் இருக்கு. பசை பல்லுல ஒட்டியிருந்து பிராக்கெட் மட்டும் வந்திருந்தா பிராக்கெட்டுக்கும் பசைக்கும் நடுவுல பிரச்சனைன்னு சொல்லலாம், உங்களுக்கு பசை பல்லையே பிடிக்கல. எவ்ளோ பசை பல்லுல மிச்சம் இருக்குன்னு 0லேர்ந்து 3 வரைக்கும் மார்க் போடுற முறையே 1984லேர்ந்து இருக்கு, உங்களுக்கு சைபர்.

பசை சும்மா ஒட்டுறதில்ல. 37 சதவீத பாஸ்பாரிக் ஆசிட் ஜெல்லை 15லேர்ந்து 30 செகண்ட் எனாமல் மேல வச்சு கழுவி, காத்தடிச்சு காய வைப்போம், பளபளன்னு இருந்த இடம் சாக்பீஸ் மாதிரி வெளுத்துடும். அந்த வெள்ளைன்னா கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி ஓட்டைன்னு அர்த்தம், அதுக்குள்ள ரெசின், அதாவது அந்தப் பசை, இறங்கி லைட் அடிச்சதும் இறுகி வேர் விட்ட மாதிரி பிடிச்சுக்கும். இப்ப அந்த வெளுத்த இடத்துல ஒரு துளி எச்சில் பட்டா போச்சு, எச்சில்ல இருக்குற புரதம் ஓட்டையை அடைச்சுடும், துடைச்சா போதும்னு நினைக்கிறவங்க உண்டு, போதாது, திரும்ப ஆசிட் வைக்கணும். கீழ் பின் பல்லுன்னா எச்சில் தேங்குற இடம், ஒரு பக்கம் நாக்கு வந்து இடிக்கும், இன்னொரு பக்கம் கன்னம்.

நாலாம்நம்பர்:
எனக்கு எச்சில்லாம் இல்ல ப்ரோ, மேல் பல்லு நேரா பிராக்கெட் மேலேயே இடிச்சுது. கடவாப்பல்லு மேல நீல கலர்ல சிமெண்ட் உருண்டை ரெண்டு வச்சு மேல் பல்லு பிராக்கெட்ல படாத மாதிரி கடியை கொஞ்சம் தூக்கி விட்டாங்க, ஒரு வாரம் சாப்பிடவே முடியல, ஆனா அப்புறம் கழரவே இல்ல.

கம்பிவாயன்:
@பல்லாண்டு சார் அப்ப ஸ்ட்ராங் பசைன்னு ஒண்ணு கிடையாதா? வீட்ல இருக்குற க்ளூவை வச்சு...

பல்லாண்டு:
ஐயோ அந்த க்ளூவை வாய் பக்கமே கொண்டு போகாதீங்க.

ஸ்ட்ராங்கா ஒட்ட வழி இருக்கு, வேணாம்னுதான் வச்சிருக்கோம். பல்லுல அடைக்குற சிமெண்ட் ஆயுசுக்கும் நிக்கணும், பிராக்கெட்டு அப்படி இல்லயே, வேலை முடிஞ்சதும் நானே பிடுங்கணும். ஒட்டுற பலம் 6லேர்ந்து 8 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்குற அலகு) இருந்தா போதும்னு 1975லயே ரெனால்ட்ஸ்ங்கிற ஆராய்ச்சியாளர் சொல்லிட்டாரு, இன்னைக்கும் அதைத்தான் எல்லாரும் சொல்றோம். ஆரம்ப காலத்து செராமிக் பிராக்கெட்டுங்க கெமிக்கலா ஒட்டி அசுரப் பிடி பிடிச்சுது, கழட்டும்போது எனாமலும் சேந்து பேந்து வந்துச்சு. எனாமல் போனா திரும்ப முளைக்காது.

அடுத்த தடவை போறப்ப சண்டை போடாம ரெண்டு விஷயம் கேளுங்க. பழைய பசை மிச்சம் இருந்தா சுரண்டிட்டு, பஞ்சு வச்சு நல்லா காய வச்சு, புதுசா ஆசிட் வச்சு ஒட்டச் சொல்லுங்க. ஒட்டினதும் கலர் பேப்பர் கடிக்க வச்சு மேல் பல்லு படுதான்னு பாக்கச் சொல்லுங்க, நாலாம்நம்பர் சொன்னதையும் தள்ளிட முடியாது, அரைகுறையா ஒட்டினது முதல் இடியிலயே வந்துடும். பல்லுல ப்ளோரோசிஸ் கறை (ப்ளோரைடு அதிகமானா வர்றது) இருந்தா, இல்ல சமீபத்துல ப்ளீச்சிங் பண்ணியிருந்தா அதையும் சொல்லிடுங்க, அதுலயும் பசை பிடிக்காது.

கம்பிவாயன்:
இன்னைக்கு போயிட்டு வந்தேன். ரெண்டு பக்கமும் பஞ்சு திணிச்சு, எச்சில் உறிஞ்சுற குழாயை அசிஸ்டண்ட் பிடிச்சுக்கிட்டே நின்னாங்க (போன மூணு தடவையும் அந்தக் குழாயை நான்தான் பிடிச்சேன்). அப்புறம் பேப்பர் கடிச்சேன். கண்ணாடியில காட்டுனாரு, பிராக்கெட் நடு உச்சியில பொட்டு வச்ச மாதிரி நீலமா ஒரு புள்ளி. டாக்டர் ஒண்ணும் பேசல, சிமெண்ட் டியூப்பை எடுத்தாரு.