கைக்காப்பு விளக்குக்கு எந்த வயரிலிருந்து மின்சாரம் எடுப்பது?

அண்ணாமாரே, மோட்டார் சைக்கிள் வயரிங் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

என்னுடையது 150 சிசி வண்டி. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியால் தினமும் வேலைக்கு ஓடுகிறேன். மாலை மழையில் முச்சக்கரவண்டிக்காரர் கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே விளக்கு வைத்த கைக்காப்பு (ஹேண்டிலில் கைகளுக்கு முன்னால் பூட்டும் மறைப்பு) பூட்ட நினைக்கிறேன். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் இரண்டு வகை பார்த்தேன். ஒன்று முழுப் பிளாஸ்டிக். விரலால் அழுத்தினாலே வளைகிறது. மற்றதன் உள்ளே அலுமினியத் தண்டு. ஹேண்டில் முனையிலும் பூட்டுகிறது. விழுந்தால் லீவரைக் காப்பாற்றப்போவது இதுதான். ஆனால் முனையில் உள்ள எடைக்கட்டியைக் கழற்ற வேண்டும். கழற்றியவர்களுக்கு அதிர்வு கூடியதா?

கைக்காப்பிலிருந்து வரும் வயர் மூன்று: கறுப்பு எர்த், வெள்ளை விளக்குக்கு ஒன்று, மஞ்சள் சமிக்ஞைக்கு ஒன்று. தலைவிளக்கு வயரிலேயே முறுக்கிவிடலாம் என்கிறார் கடைக்காரர். எனக்கு மனம் ஒப்பவில்லை. சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும் வயரிலிருந்து, தனி ஃபியூஸ் வைத்து எடுக்க விருப்பம். ஹோர்ன் வயர் சரிவருமா?

பழைய சமிக்ஞை பல்புகளைக் கழற்றி எல்இடி மட்டும் வைத்தால் படபடவென்று மின்னும் என்பது தெரியும். பல்புகளை விட்டுவைத்து, கைக்காப்பு விளக்கை அவற்றோடு இணைத்தால் பழைய ஃபிளாஷர் (சமிக்ஞையை விட்டுவிட்டு எரியவைக்கும் பாகம்) போதுமா?

ஹேண்டிலை முழுதாகத் திருப்பும்போது வயர் இழுபடாமல் கொண்டுபோனவர்கள் படம் போடுங்கள். சிவப்பும் நீலமுமாக மின்னும் வகையை மட்டும் சிபாரிசு செய்யவேண்டாம். பொலிஸ் மறித்தால் பதில் சொல்ல என்னால் முடியாது.