புதுப்பிப்பு: மரக்கதவின் கீல் போல்ட்டுகளுக்கு எந்த வாஷர்?

மரக்கதவின் கீலைப் பிடித்திருக்கும் 8 மி.மீ. போல்ட்டுகளின் நட்டுகள் மரத்துக்குள் புதைந்து, கதவு தொங்கிப்போவதைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். இப்போது கதவு தரையில் உரசாமல் மூடுகிறது.

பலரும் பரிந்துரைத்தபடி அகன்ற வாஷர்களைப் போட்டேன். இந்த அளவு போல்ட்டுக்கான சாதாரண வாஷரின் வெளிவிட்டம் 16 மி.மீ., அகன்றதற்கு 24 மி.மீ. என்பதால், துளையைக் கழித்துப் பார்த்தால் மரத்தின் மீது அழுந்தும் பரப்பு ஏறத்தாழ 2.7 மடங்காகிறது. விளிம்பைச் சுற்றி மரம் சற்றே அமுங்கத் தொடங்கியதும் முறுக்குவதை நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போனால் மெல்லிய வாஷர் நடுவில் குழிந்துவிடும்.

ஸ்பிரிங் வாஷரையும் (ஓரிடத்தில் வெட்டப்பட்டு, முனைகள் சற்றே விலகி நிற்கும் வளையம்) சேர்க்கச் சொன்னார்கள். அதை மரத்தின் மீது நேரடியாக வைத்தால் வெட்டுமுனை மரத்தைக் கீறும். தட்டை வாஷரின் மேல் வைத்தாலும், ஈரத்தில் உப்பிப் பின் காய்ந்து சுருங்கும் மரத்தின் தளர்வை அது ஈடுகட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆகவே நைலான் வளையம் பதித்த நட்டுகளையே பயன்படுத்தினேன்; இறுக்கம் குறைந்தாலும் அவை எளிதில் கழன்றுவிடாது.

ரப்பர் வாஷர் குழாய்க் கசிவுக்கு உரியது; கீலில் அது பிதுங்கிவிடும்.