1863 செப்பு டோக்கன்: காசா, விளம்பரமா?

கேள்வி:
பழைய அமெரிக்க நாணயங்களோடு ஒரு செப்பு டோக்கன் வந்தது. ஒரு பக்கம் 1863, மறுபக்கம் சின்சினாட்டி மளிகைக்கடை ஒன்றின் பெயர். ஒரு சென்ட் அளவுதான். இதைக் காசாகவே செலவழித்தார்களா? கறுத்திருக்கிறது, தேய்த்துக் கழுவலாமா?

பதில் 1:
தயவுசெய்து கழுவாதீர்கள்! அந்தக் கறுப்பு போனால் மதிப்பும் போய்விடும். ஓரத்தைப் பிடித்து எடுங்கள், பிவிசி உறையில் வைக்காதீர்கள்.

பதில் 2:
காசு, விளம்பரம் இரண்டும்தான். உள்நாட்டுப் போரில் மக்கள் தங்கம், வெள்ளி, அப்புறம் சென்ட் வரைக்கும் பதுக்கிவிட, சில்லறை கொடுக்க வழியில்லாத கடைக்காரர்கள் இப்படி டோக்கன் அடித்துக் கடைப் பெயரையும் போட்டுப் புழக்கத்தில் விட்டார்கள். நியூயார்க்கில் லிண்டன்முல்லர் என்ற மதுக்கடைக்காரர் 10 லட்சத்துக்கும் மேல் விட்டதாகவும், டிராம் நிறுவனம் ஒன்று தன்னிடம் குவிந்ததை மாற்றித் தரக் கேட்டபோது அவர் மறுத்துவிட்டதாகவும் சொல்வார்கள். 1864-ல் நாடாளுமன்றமே தனியார் காசுக்குத் தடை போட்டது.

பதில் 3:
சின்சினாட்டி இருக்கும் ஒஹாயோ என்றால் சேகரிக்க அருமையான மாநிலம், கடை டோக்கன்கள் அங்கேதான் மிக அதிகம். இந்த டோக்கன்களுக்கான பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் தரும் ஃபுல்ட் எண்ணைத் தேடுங்கள். மாநிலம், ஊர், கடை எல்லாம் அதிலேயே இருக்கும். உலோகத்தையும் பாருங்கள். அதே அச்சில் சேகரிப்பாளர்களுக்காக வெள்ளியிலும் கொஞ்சம் அடித்திருக்கிறார்கள், அவை அரிது.