நேரில் நன்றாக இருக்கும் டி-34 டாங்க் மாடல் போட்டோவில் பொம்மை மாதிரி தெரிகிறது, உதவுங்கள்

பச்சைப்பெயின்ட்:
வணக்கம். 1/35 அளவு (நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு) டி-34/85 பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்றை ஏழு வாரமாகக் கட்டி, போன ஞாயிறு முடித்தேன். எனக்கு இது மூன்றாவது டாங்க். ப்ரைமர், பச்சை அக்ரிலிக், க்ளாஸ் (பளபளப்பு) வார்னிஷ், டெக்கால் (ஒட்டும் எண், சின்னம்), எனாமல் வாஷ் (இடுக்குகளில் நிழல் சேர்க்கும் நீர்த்த பெயின்ட்), ஸ்பாஞ்ச் வைத்து சிப்பிங் (பெயின்ட் உதிர்ந்த மாதிரிப் புள்ளிகள்), மண் நிறப் பிக்மென்ட் பொடி, கடைசியில் மேட் (மினுக்கமில்லாத) வார்னிஷ் என்ற வரிசையில் செய்தேன். மேசையில் வைத்துப் பார்த்தால் மனசு நிறைகிறது. போனில் எடுத்தால் கருப்பாக ஒரு கட்டிதான் தெரிகிறது. பீரங்கிக் குழல் முனை மட்டும் பெரிதாக, தெளிவாக இருக்கிறது. டரட்டுக்கு, அதாவது பீரங்கி பொருத்திய சுழலும் தலைப்பகுதிக்கு, பின்னால் எல்லாம் மங்கல். சிப்பிங் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கிறது. பார்த்துப் பார்த்துத் தூவிய தூசியைக் காணவே இல்லை.

இன்னொன்று. வாஷ் போட்ட மறுநாள் காலை, ட்ராக்கை (சங்கிலிப் பட்டையை) இழுத்துப் பிடிக்கும் முன்பக்க ஐட்லர் சக்கரத்தின் அச்சு ஒடிந்து கிடந்தது. யாரும் தொடவில்லை. சூப்பர் க்ளூ வைத்து ஒட்டினேன், இரண்டே நாளில் மறுபடி விட்டுவிட்டது.

பெயின்ட் முழுவதையும் கரைத்து எடுத்துவிட்டு முதலிலிருந்து அடிக்கலாமா என்று யோசிக்கிறேன்.

மஞ்சள்வெயில்:
கரைக்காதீர்கள். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன், பெயின்ட் வேலையில் பாதிக் குறைதான் இருக்கிறது, மீதி வெளிச்சத்தின் குறை. பின்னணி என்ன நிறம்? விளக்கு எங்கே இருந்தது? போனை எவ்வளவு கிட்டத்தில் பிடித்தீர்கள்?

பித்தளைக்கம்பி:
அச்சு விஷயத்துக்கு நான் ஒன்று கேட்கிறேன் தம்பி. ட்ராக் ரப்பர் மாதிரி வளையும் ஒரே பட்டையா? அதை மாட்டிய பிறகா வாஷ் போட்டீர்கள்?

பச்சைப்பெயின்ட்:
வெள்ளை சார்ட் பேப்பர், தலைக்கு மேலே ட்யூப்லைட், போன் ஒரு சாண் தூரத்தில். ட்ராக் ரப்பர் பட்டைதான் அண்ணா, மாட்டிய பிறகுதான் வாஷ் போட்டேன். அடிப்பக்கம் இடுக்கெல்லாம் நனையட்டும் என்று தாராளமாகவே விட்டேன்.

பித்தளைக்கம்பி:
அதுதான் காரணம். ரப்பர் பட்டை இரவும் பகலும் ஐட்லரைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இழுப்பில் இருக்கிற பிளாஸ்டிக்கில் வாஷில் இருக்கிற எனாமல் தின்னர் குளமாக நின்றால், மயிரிழை விரிசலுக்குள் இறங்கி அதை உடைத்துவிடும். இழுப்பு இல்லாத இடத்தில் அதே தின்னர் ஒன்றும் செய்யாமல் காய்ந்துபோகும். ஒடிந்த முகத்தை லென்ஸில் பாருங்கள்: வளைந்து கிழிந்ததுபோல இருக்காது, கண்ணாடி உடைந்த மாதிரி பளபளவென்று வெட்டுப்பட்டு இருக்கும்.

வெறும் பசை இந்த இழுப்பைத் தாங்காது. இரண்டு பக்கமும் 1 மி.மீ. துளை போட்டு, பித்தளைக் கம்பித் துண்டைச் செருகி, பிறகு சூப்பர் க்ளூ வையுங்கள். துளை நடுவில் விழ, முதலில் ஊசி முனையால் ஒரு குழி குத்திக்கொள்ளுங்கள். ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகுதான் ட்ராக்கை மாட்ட வேண்டும்.

ட்ராக் கையில் இருக்கும்போதே இன்னொரு வேலையும் இருக்கிறது. டி-34-க்கு மேல்பக்கம் ட்ராக்கைத் தாங்க உருளைகள் கிடையாது. பெரிய சக்கரங்கள் ஐந்தின் தலைமேல்தான் அது படுத்திருக்கும். உங்களுடையது ரப்பர் பேண்ட் மாதிரி விறைப்பாக அந்தரத்தில் நிற்கிறது. உண்மையில் ஒரு டாங்கின் கனத்தைச் சொல்வதே அந்தத் தொய்வுதான். சக்கரத் தலையில் துளி பசை வைத்து, ட்ராக்கை அழுத்தி, ஃபெண்டருக்கும் (ட்ராக்குக்கு மேலுள்ள தகடு) ட்ராக்குக்கும் நடுவே ஸ்பாஞ்ச் துண்டைத் திணித்து விட்டுவிடுங்கள். அடுத்த கிட்டில் அடிப்பக்க வாஷ் முழுக்கக் காய்ந்த பிறகு ட்ராக்கை மாட்டுங்கள்.

மஞ்சள்வெயில்:
இப்போது படம். வெள்ளைப் பின்னணியைப் பார்த்ததும் கேமரா வெளிச்சம் அதிகம் என்று நினைத்து எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். கரும்பச்சை டாங்க் அதில் கருப்பாகிவிடுகிறது. சாம்பல் நிற அட்டை ஒன்றை, மடிப்பு விழாமல், பின்னால் வளைத்து நிறுத்துங்கள். போன் திரையில் டரட்டைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

தலைக்கு மேல் விளக்கு இருந்தால் டரட்டின் நிழல் முழுவதும் பக்கவாட்டில் விழும், சக்கரமெல்லாம் இருட்டில் போய்விடும். விளக்கை முன்பக்கவாட்டில் சாய்வாக வைத்து, நடுவே ட்ரேசிங் பேப்பர் பிடியுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை நிறுத்தினால் நிழலுக்குள் கொஞ்சம் ஒளி திரும்பும். ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு வகை ஒளி கலந்தால் பச்சை அழுக்காகத் தெரியும்.

குழல் முனை பெருத்துத் தெரிவது நீங்கள் கிட்டே போனதால். சில போன்கள் அவ்வளவு கிட்டத்தில் தானாகவே அகலக் கோண லென்ஸுக்கு மாறிவிடும். ஒரு கை நீளம் பின்னால் வந்து, 2 மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். உருவமும் சரியாகும், முன்னும் பின்னும் கூடுதலாகத் தெளியும்.

நான் முதலில் பார்ப்பது உயரத்தைத்தான். 170 செ.மீ. உயரமுள்ள ஆள் 1/35-ல் 5 செ.மீ.கூட இல்லை. லென்ஸ் அந்த உயரத்தில் இருந்தால் டாங்க் நம்மைவிடப் பெரிதாக எழுந்து நிற்கும். நீங்கள் மேலிருந்து எடுத்ததால்தான் பொம்மை.

தூசிதட்டி:
கேமரா இருந்தால் எஃப்/22 (லென்ஸ் துளையை மிகச் சிறிதாக்கும் அளவு) வைத்து ட்ரைபாடில் எடுக்கலாமே, முழுக்கத் தெளிவாக வருமே?

மஞ்சள்வெயில்:
எஃப்/22-ல் துளை சிறுத்து, ஒளி விளிம்பில் சிதறி, படம் முழுக்க லேசாக மழுங்கும். எஃப்/11 அல்லது எஃப்/16 போதும். அதற்கும் மேல் வேண்டுமென்றால், குழல் முனையிலிருந்து பின்தகடு வரை ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் பல படம் எடுத்து ஒன்றாக்குவதுதான் நல்லது.

தூசிதட்டி:
சரி, அது எனக்கும் பாடம். தூசி காணாமல் போனதற்கு நான் சொல்கிறேன். பிக்மென்ட் மேல் வார்னிஷ் பட்டால் பொடி நனைந்து நிறம் மங்கிவிடும். வார்னிஷ் முடிந்த பிறகுதான் பொடி. இப்போது உங்கள் மேல்பரப்பு மேட்டாக இருப்பதால், அப்படியே மறுபடி தூவலாம். காய்ந்த பொடியின் ஓரத்தில் ஒயிட் ஸ்பிரிட் தோய்த்த பிரஷ் முனையைத் தொட்டால் போதும், அது தானாக ஊறிப் பரவி ஒட்டிக்கொள்ளும். பிரஷ்ஷால் தேய்க்கக் கூடாது. அடிப்பக்கமும் ஃபெண்டர் மூலையும் கனமாக, மேலே போகப் போகக் குறைவாக இருக்கட்டும்.

சிப்பிங்கில் நீங்கள் போட்ட ஒரு புள்ளி 2 மி.மீ. இருக்கும் போல. நிஜ டாங்கில் அது 7 செ.மீ. இரும்புத் தகட்டில் உள்ளங்கை அகலம் பெயின்ட் எப்படிப் போகும்? மிக மெல்லிய 000 பிரஷ்ஷில் அதே பச்சையை எடுத்து, புள்ளியின் நடுவிலும் ஓரத்திலும் தொட்டு அதைத் துண்டு துண்டாக உடையுங்கள். டிரைவர் ஹாட்ச் (மூடி) விளிம்பு, டரட் ஹாட்ச், காலாட்கள் ஏறிப் பிடித்த கைப்பிடிகளைச் சுற்றிய இடம் இவற்றில் மட்டும் விட்டுவையுங்கள். தட்டையான பக்கத்தகட்டின் நடுவே ஒன்றுகூட வேண்டாம்.

பச்சைப்பெயின்ட்:
பத்து நாள் கழித்து வருகிறேன். கம்பி செருகிய அச்சு உறுதியாக நிற்கிறது, ட்ராக் சக்கரத்தில் படுத்துவிட்டது. லென்ஸில் பார்த்தேன் அண்ணா, ஒடிந்த இடம் நீங்கள் சொன்ன மாதிரியேதான் இருந்தது. போனை ஒரு தீப்பெட்டி மேல் சாய்த்து எடுத்த புதுப்படம் போட்டிருக்கிறேன். எனக்கே நம்ப முடியவில்லை, தூசி ஒவ்வொரு அடுக்காகத் தெரிகிறது.

ஆனால் வெளிச்சம் வந்ததும் இதுவரை கண்ணில் படாத இரண்டு கோடுகள் தெரிகின்றன. குழலின் நீளத்துக்கு ஒன்று, டரட்டின் பக்கவாட்டைச் சுற்றி ஒன்று. இரண்டையும் தேய்த்துவிடவா?

பித்தளைக்கம்பி:
குழலில் இருப்பது கிட்டின் பிளாஸ்டிக்கை வார்த்த அச்சின் இரண்டு பாதி சேர்ந்த கோடு. மெல்லிய உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்துத் தேயுங்கள், அந்த இடத்துக்கு மட்டும் பச்சை அடித்தால் போதும். டரட்டில் கை வைக்காதீர்கள் தம்பி. டி-34/85-இன் டரட் வார்ப்பு எஃகு. நிஜ டாங்குகளிலும் வார்ப்பு அச்சு சேர்ந்த இடத்தில் அதே கோடு சொரசொரப்பாக ஓடும். அதன்மேல் கொஞ்சம் தூசி தங்கட்டும்.