52 கிராம் 38 ஆனது எப்படி? நெருஞ்சில் கஷாயமும் புராஸ்டேட்டும்

லேப்காரர்: பக்கத்துத் திரியில் மூலிகைநேசன் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் இந்தத் தனித் திரி. விஷயம் புராஸ்டேட், அதாவது ஆண்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழே இருக்கும், வயதானால் வீங்கி நீரை அடைக்கும் சுரப்பி. அவர் எழுதியது இது: “எனக்குப் புராஸ்டேட் 52 கிராம். நெருஞ்சில் கஷாயமும் சந்திரபிரபா வடியும் மூன்று மாதம் எடுத்தேன். 38 கிராம் ஆகிவிட்டது. இங்கிலீஷ் மாத்திரை, ஆபரேஷன் எல்லாம் ஏமாற்று வேலை.” ஐயா, நான் 22 வருடம் ஸ்கேன் அறையில் வேலை பார்த்தவன். அந்த 14 கிராம் எங்கே போனது என்று சொல்லுங்கள்.

மூலிகைநேசன்: கரைந்து போனது. வேறெங்கே போகும்? இரண்டு ரிப்போர்ட்டும் என் பீரோவில் இருக்கிறது. 52, 38. கண்ணால் பார்த்த பிறகும் சந்தேகப்பட்டால் நான் என்ன செய்ய?

லேப்காரர்: ஸ்கேனில் யாரும் சுரப்பியைத் தராசில் வைப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் திரையில் புள்ளி வைத்து அளந்து, பெருக்கி, 0.52-ஆல் பெருக்குவோம். வருகிற கன சென்டிமீட்டரைத்தான் கிராம் என்று எழுதுகிறோம். 4.8, 4.6, 4.5 என்று வைத்துப் பாருங்கள், 52 வரும். அதே ஆளுக்கு மூன்று அளவும் நாலு நாலு மில்லிமீட்டர் குறையும்படி புள்ளி வைத்தால் 39 வந்துவிடும். நாலு மில்லிமீட்டர்! வேறு மெஷின், வேறு ஆள் என்றால் போதும். இரண்டு ஸ்கேனும் ஒரே இடத்தில் எடுத்ததா? பதில் சொல்லுங்கள்.

மூலிகைநேசன்: இராத்திரி ஐந்து தடவை எழுந்தவன் இப்போது இரண்டு தடவைதான் எழுகிறேன். அதற்கும் புள்ளி வைத்தது யார்?

லேப்காரர்: நான் தூக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கிராமைப் பற்றிக் கேட்டேன். ஒரே இடமா, இல்லையா?

சித்தவழி: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எந்த நெருஞ்சில் என்று யாராவது சொன்னீர்களா? சிறு நெருஞ்சில் வேறு, யானை நெருஞ்சில் வேறு. யானை நெருஞ்சில் செடியைத் தண்ணீரில் போட்டுச் சுற்றினால் வெண்டைக்காய்ச் சாறு மாதிரிக் கொழகொழவென்று ஆகும். நம் ஊரில் நீர்க்கடுப்புக்குக் காலங்காலமாகக் கொடுப்பது அதைத்தான். வடமொழிப் பெயர் வைத்து டப்பாவில் விற்பதை வாங்கிக் குடித்துவிட்டு ஆயுர்வேதம் என்று பெருமை பேசுகிறீர்கள்.

வைத்தியர்மகள்: சித்தவழி அண்ணா, ஆயுர்வேதத்தில் கோக்ஷுரம் என்பது சிறு நெருஞ்சில்தான். அதில் எந்தக் குழப்பமும் இல்லை. பெயரை வைத்து மட்டம் தட்டாதீர்கள். நான் ஐந்தரை வருடம் படித்துப் பட்டம் வாங்கியவள். பழைய ஆயுர்வேத ஆசிரியர் சுசுருதர் மூத்திராகாதம், அதாவது நீரடைப்பு, என்று பன்னிரண்டு வகை சொல்லியிருக்கிறார். அதில் வாதாஷ்டீலா என்று ஒன்று: மலவாய்க்கும் மூத்திரப் பைக்கும் நடுவில் கல் மாதிரிக் கெட்டியான வீக்கம் வந்து மலம், நீர், காற்று மூன்றையும் தடுக்கும். ஸ்கேன் மெஷின் இல்லாத காலத்தில் இவ்வளவு சரியாக இடத்தைச் சொன்னார்கள்.

லேப்காரர்: இடத்தைச் சொன்னார், ஒப்புக்கொள்கிறேன். 52 கிராம் 38 ஆகும் என்று சொன்னாரா?

வைத்தியர்மகள்: அப்படி நானும் சொல்லவில்லையே. கோக்ஷுராதி குக்குலு, வருணாதி கஷாயம் எல்லாம் நீர் இறங்குவதற்கும் எரிச்சலுக்கும் கொடுக்கிறோம். நோயாளியைப் பார்க்காமல் கிராம் கணக்குப் போடும் பழக்கம் எங்களுக்கு இல்லை.

சித்தவழி: வருணம் என்றால் மாவிலங்கம். தமிழில் சொல்ல வாய் வராதா?

வைத்தியர்மகள்: வரும். போன வருடம் சிறுநீரகக் கல் திரியிலும் இதே சண்டைதான் போட்டீர்கள். நான் இன்னும் மறக்கவில்லை.

லேப்காரர்: மூலிகைநேசன் பதில் சொல்லவில்லை என்பதை எல்லாரும் கவனிக்க வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன். ஃபினாஸ்டெரைடு சுரப்பியைச் சுருக்கவென்றே வந்த மாத்திரை. அதையே ஆறு மாதம், ஒரு வருடம் விடாமல் சாப்பிட்டால்தான் இருபது, இருபத்தைந்து சதவீதம் குறையும். டாம்சுலோசின் சுருக்கவே சுருக்காது, தசையைத் தளர்த்தி வழி விடும், அவ்வளவுதான். உங்கள் கஷாயம் மூன்றே மாதத்தில் 27 சதவீதம் குறைத்திருக்கிறது என்கிறீர்கள்.

மூலிகைநேசன்: குறைத்தது. ரிப்போர்ட் இருக்கிறது. 52, 38. உங்கள் மாத்திரையால் முடியாததை மூலிகை செய்தால் உங்களுக்கு ஏன் வயிறு எரிகிறது? கடைக்காரர்களும் லேப்காரர்களும் சேர்ந்து நடத்தும் வியாபாரம் போய்விடும் என்ற பயம்.

லேப்காரர்: நான் ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. எனக்கு என்ன வியாபாரம்? அமெரிக்காவில் சா பால்மெட்டோ என்று ஒரு பனை வகையின் பழச்சாற்றை இதற்கென்றே கோடிக்கணக்கில் விற்றார்கள். 2006-இல் 225 ஆண்களை வைத்து ஒரு வருடம் சோதித்தார்கள். மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் பனைச் சாறு சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. 2011-இல் மூன்று மடங்கு அளவு வரை ஏற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள், அப்போதும் அதே கதை. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களும் பரவாயில்லை என்றுதான் சொன்னார்கள். இந்த நோய் ஏறும், இறங்கும். இராத்திரி எழுவது குறைந்ததைச் சாட்சியாகக் கொண்டு வராதீர்கள்.

சித்தவழி: அது அமெரிக்கப் பனை. நெருஞ்சிலை யார் சோதித்தார்கள்? சம்பந்தமில்லாததை இழுக்கிறீர்கள்.

பொன்னி66: ஐயா, எனக்கு 66 வயது. டாம்சுலோசின் சாப்பிடுகிறேன், எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. புராஸ்டேட்டுக்காக எடுக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையில் 7 என்று வந்திருக்கிறது. மாத்திரையை விட்டுவிட்டு நெருஞ்சில் கஷாயத்துக்கு மாறலாமா?

மூலிகைநேசன்: தாராளமாக. என்னைப் பாருங்கள், 52-இலிருந்து 38.

வைத்தியர்மகள்: பொன்னி ஐயா, தயவுசெய்து இதைக் கேட்டு நிறுத்தாதீர்கள். 7 என்பது புராஸ்டேட் வீக்கத்தாலும் வரலாம், தொற்றாலும் வரலாம், புற்றுநோயாலும் வரலாம். அதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் கஷாயமும் குடிக்கக் கூடாது. இந்த வாரமே யூராலஜிஸ்டைப் பாருங்கள், தலை சுற்றுவதையும் சொல்லுங்கள், மருந்தை மாற்றித் தருவார். சளி மாத்திரை எதையும் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள், சிலது நீரையே அடைத்துவிடும். நீர் சொட்டுகூட வராமல் அடிவயிறு உப்பினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஆயுர்வேதம் படித்தவளாகத்தான் சொல்கிறேன்.

லேப்காரர்: கிராமை மட்டும் நம்பி முடிவு எடுக்காதீர்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். 30 கிராம் வைத்துக்கொண்டு நீர் போகாமல் டியூபோடு வந்தவரைப் பார்த்திருக்கிறேன். 80 கிராம் வைத்துக்கொண்டு ஒரு தொந்தரவும் இல்லாமல் வேறு எதற்கோ ஸ்கேனுக்கு வந்தவரையும் பார்த்திருக்கிறேன்.

மூலிகைநேசன்: அப்படியென்றால் கிராமுக்கும் தொந்தரவுக்கும் சம்பந்தமில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள்! பிறகு எதற்கு ஐயா காலையிலிருந்து கிராம் கிராம் என்று என் உயிரை வாங்குகிறீர்கள்?

லேப்காரர்: முதலில் கிராமைக் கொண்டு வந்தது நீங்கள். 52, 38 என்று எழுதியது உங்கள் கை.

சித்தவழி: சரி, அந்த நெருஞ்சிலை எங்கே வாங்கினீர்கள்? எந்த நெருஞ்சில் என்று தெரிய முள் எத்தனை என்று பார்த்தீர்களா?

மூலிகைநேசன்: வாங்கிய கடையை எல்லாம் இங்கே சொல்ல முடியாது. எனக்குச் சுகமாயிற்று, அது போதும்.

லேப்காரர்: ஒரே இடத்தில் எடுத்த ஸ்கேனா, இரண்டு இடமா? இதோடு மூன்றாவது முறை கேட்கிறேன். இரண்டு ரிப்போர்ட்டையும் பெயரை மறைத்து இங்கே போடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் அதில் இருக்கும். நானே பெருக்கிப் பார்க்கிறேன்.

மூலிகைநேசன்: ரிப்போர்ட் பீரோவில் இருக்கிறது. சாவி வீட்டுக்காரியிடம். அவள் ஊரிலிருந்து வரட்டும்.