மூன்று வலைத்தளமா, ஒன்று போதுமா? எழுதத் தொடங்கும் முன் ஒரு கேள்வி

செல்வி_செம்பவாங்
ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். நான் வேலைக்குப் போகிறவள். வீட்டில் தொடக்கநிலை 5 படிக்கும் மகனும் 84 வயது அப்பாவும் இருக்கிறார்கள். எழுத எனக்குக் கிடைப்பது சனிக்கிழமை மாலையும், பிள்ளை தூங்கிய பிறகு சில நாள் ஒரு மணி நேரமும்தான். ஆனால் இணையத்தில் எழுத நினைப்பது மூன்று விஷயம். மூன்றில் எதையும் விட மனமில்லை.

முதலாவது, அப்பாவின் கதை. அவர் செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஃபிட்டராக இருந்தவர். 1968-ல் கப்பல் பட்டறை பிரிட்டிஷாரிடமிருந்து சிங்கப்பூரின் கைக்கு மாறிய பிறகும் அங்கேயே வேலை பார்த்தார். கான்பெரா ரோட்டுக் குடியிருப்பு, இப்போது ஈசூனில் இருக்கும் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயில் அந்தக் காலத்தில் அங்கே இருந்தது, பங்குனி உத்திரத்துக்கு அந்த வட்டாரமே திரண்டது என்று அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்.

இரண்டாவது, செடி. எங்கள் புளோக்கின் தாழ்வாரத்தில் ஆள் போகிற வழியை 1.2 மீட்டர் விட்டுவிட்டு மிச்சமிருக்கும் இடத்தில் கறிவேப்பிலை, வெற்றிலை, கற்பூரவல்லி, பாண்டான் வளர்க்கிறேன். யூடியூபில் வருவதெல்லாம் ஊரில் மொட்டைமாடித் தோட்டம். காலை வெயில் மட்டும் எட்டிப்பார்க்கும் எச்டிபி (அரசு அடுக்குமாடி) தாழ்வாரத்தில் என்ன பிழைக்கும், தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கிக் கொசு வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தமிழில் நான் தேடியவரை ஒன்றும் கிடைக்கவில்லை.

மூன்றாவது, பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் தமிழ் வாய்மொழிப் பகுதி. காணொளியைப் பார்த்துவிட்டு உரையாடும் பகுதிக்கு மகனோடு வீட்டில் பயிற்சி செய்கிறோம். அந்தக் குறிப்புகள் மற்ற பெற்றோருக்கும் உதவும்.

ஒரு தளத்தில் பல தலைப்பு இருந்தால் கூகல் மதிக்காது, மூன்றையும் தனித்தனியாகத் தொடங்கு என்கிறாள் தோழி. நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கதிர்_ஜூரோங்
ஞாயிறு, இரவு 10.15

தனித்தனியாகவே தொடங்குங்கள் அக்கா. கூகலின் வலைப்பூச் சேவையான பிளாக்கரில் ஒரே கணக்கில் 100 வலைப்பூ வரை வைத்துக்கொள்ளலாம், காசு இல்லை. 2018-லிருந்து தமிழ்ப் பக்கங்களுக்கும் கூகலின் ஆட்சென்ஸ் விளம்பரம் கிடைக்கிறது. தேர்வுக் குறிப்பைத் தேடி வருகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். அதில் கொஞ்சம் வருமானம் வந்தால் மற்ற இரண்டின் செலவுக்கு ஆகும்.

மாதவன்_பிடோக்
திங்கள், காலை 6.50

செல்வி, கதிர் சொன்ன 100 என்ற கணக்கு சரிதான். ஆனால் தளம் திறப்பது ஒரு மாலை வேலை. அதற்கப்புறம் வருகிற வருடங்களைத்தான் நாம் பேச வேண்டும்.

நான் இரண்டு தளங்கள் நடத்துகிறேன். ஒன்றில் சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதைகளை வாசித்துக் குறிப்பு எழுதுகிறேன். இன்னொன்று சைக்கிள் பாதைகளைப் பற்றியது. மலாயா ரயில் 2011-ல் நின்ற பிறகு அந்தத் தடம் தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் பக்கம் வரை 24 கிலோமீட்டர் பசுமைப் பாதையாகியிருக்கிறது அல்லவா, அங்கே எந்த இடத்தில் தண்ணீர் பிடிக்கலாம், இடி இடித்தால் எங்கே ஒதுங்கலாம் என்பது மாதிரியான தகவல்கள். சைக்கிள் பக்கத்துக்கு வருகிறவர்களில் பலர் ஊரிலிருந்து புதிதாக வந்த இளைஞர்கள். நீண்ட வாரயிறுதிக்கு முன்னால் தேடி வருவார்கள், வேண்டியதைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். கதைத் தளத்துக்கு வருகிறவர்கள் குறைவு, ஆனால் வந்தவர்கள் நிலைத்து இருக்கிறார்கள், கடிதம் எழுதுகிறார்கள், நான் ஒரு கதாசிரியரைத் தவறாகப் புரிந்துகொண்டதாகச் சண்டைக்கும் வருகிறார்கள். இந்த இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. அதனால்தான் இரண்டு தளம்.

பழைய அச்சகங்கள், புத்தகக் கடைகள் பற்றி எழுத ஆசை வந்தபோது மூன்றாவதாக ஒன்று திறக்கவில்லை. கதை வாசிக்கிறவர் அதையும் வாசிப்பார். அதே தளத்தில் ஒரு பிரிவு சேர்த்தேன், முடிந்தது. தலைப்பு எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தால் நமக்கு வருடத்துக்கு ஒரு தளம் முளைக்கும். வாசகர் எத்தனை விதம் என்று எண்ணுங்கள்.

உங்கள் மூன்றையும் அப்படிப் பார்க்கிறேன். அப்பாவின் கதையை யார் வாசிப்பார்கள்? அந்தக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள், இன்று பெர்த்திலும் மெல்பர்னிலும் இருக்கும் அவர்கள் பிள்ளைகள், ஆய்வு செய்யும் மாணவர்கள். செடியைப் பற்றி வாசிப்பவர்கள் நம் வீட்டுப் பெண்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். இந்த இரண்டு வட்டமும் நன்றாகவே ஒன்றுக்குள் ஒன்று விழும். குடியிருப்பில் வீட்டு வாசலில் என்ன வளர்த்தார்கள் என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், இரண்டும் ஒரே பதிவில் வந்து நிற்கும். ஒரே தளம் போதும்.

வாய்மொழித் தேர்வு வேறு. அந்தப் பெற்றோர் ஜூன், ஜூலையில் வருவார்கள், ஆகஸ்டில் தேர்வு முடிந்ததும் போய்விடுவார்கள். மறுபடி அடுத்த ஆண்டு புதியவர்கள். அவர்களுக்கு உங்கள் அப்பாவும் வேண்டாம், கற்பூரவல்லியும் வேண்டாம். பாடத்திட்டம் மாறும்போதெல்லாம் பழைய குறிப்புகளைத் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பிள்ளைக்குத் தவறான வழி காட்டியதாக ஆகும். உங்கள் மகன் அடுத்த ஆண்டு தேர்வு எழுதி முடித்த பிறகும் அந்த வேலையைச் செய்யும் ஆர்வம் இருக்குமா? இருக்கும் என்றால் இரண்டாவது தளம் நியாயம். சந்தேகம் என்றால் அந்தக் குறிப்புகளை ஒரு கோப்பாகத் தொகுத்து மகனின் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கொடுத்துவிடுங்கள். யாருக்கு வேண்டுமோ அவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

இனி வேலைப் பளு. வேர்ட்பிரஸ் (நாமே நிறுவிப் பராமரிக்கும் தள மென்பொருள்) என்றால் மாதம் ஒரு முறையாவது பிளக்இன் எனும் துணை நிரல்களைப் புதுப்பிக்க வேண்டும், முழுத் தளத்துக்கும் நகல் எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும், குப்பைப் பின்னூட்டங்களைக் கழிக்க வேண்டும், உடைந்த படங்களைப் பார்க்க வேண்டும். நீங்கள் அந்த மாதம் ஒரு வரி எழுதினாலும் எழுதாவிட்டாலும் இது உண்டு, ஒவ்வொரு தளத்துக்கும் தனியாக உண்டு. உங்களிடம் இருப்பது சனிக்கிழமை மாலை. மூன்று தளம் வைத்தால் மாதத்தில் ஒரு மாலை இதற்கே போகும், அப்பாவோடு உட்கார வேண்டிய மாலை அது. டொமைன் எனும் தள முகவரியைப் புதுப்பிப்பதும் அப்படித்தான். ஒரு .காம் பெயரைக் கட்டாமல் விட்டு, மீட்கக் கொடுக்கும் அவகாசமும் கடந்தால், அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். குடும்பக் கதை இருந்த முகவரியில் சூதாட்ட விளம்பரம் ஓடுவதைப் பார்க்க நேரும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இணையத்தில் தமிழ் ஏறிய கதையில் இந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. 1995-ல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழியிலும் இணையத்தில் ஏற்றியபோது தமிழ்ப் பக்கங்கள் வந்ததற்கு நா. கோவிந்தசாமியின் உழைப்பு காரணம். 1997-ல் தமிழ்நெட் மாநாடும் இங்கேதான் நடந்தது. அந்தக் காலத்திலும் அதற்குப் பின்னும் எத்தனையோ பேர் ஆசையாகத் தளம் வைத்தார்கள். பல இன்று திறக்காது, திறந்தாலும் பழைய எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாகத் தெரியும். யூனிகோடு என்ற பொது எழுத்து முறைக்கு மாற்றி வைக்க ஒருவர் இருந்த தளங்கள் மட்டும் பிழைத்தன. நல்ல எழுத்தாக இருந்தும் போனவை நிறைய. உங்கள் அப்பாவின் நினைவுகள் அந்தப் பட்டியலில் சேரக்கூடாது.

கூகல் பற்றி உங்கள் தோழி பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. வேர்ட்பிரஸில் ஒவ்வொரு பிரிவுக்கும் தனி முகவரியும் தனி ஓடையும் (புதுப் பதிவுகளைத் தெரிவிக்கும் ஃபீட்) கிடைக்கும். மெல்பர்னில் இருப்பவருக்குக் ‘கடற்படைத் தளம்’ பிரிவின் முகவரியை மட்டும் அனுப்பினால் அவர் கண்ணில் செடி படாது. பின்னால் தனித் தளமாகப் பிரிக்க நேர்ந்தாலும் அந்தப் பிரிவை மட்டும் ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. பிளாக்கரில் முழு வலைப்பூவாகத்தான் எடுக்க முடியும், பழைய பதிவின் முகவரிக்கு வருகிறவரை வேறொரு தளத்துக்குத் திருப்பிவிடவும் அங்கே வழி இல்லை. பிரிக்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் வேர்ட்பிரஸில் தொடங்குங்கள்.

இன்னொன்று, சின்னதுதான். பதிவின் முகவரியை ஆங்கில எழுத்தில் நீங்களே கொடுத்துவிடுங்கள். தலைப்பு தமிழில் இருந்தால் வேர்ட்பிரஸ் முகவரியையும் தமிழில் அமைக்கும். அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது பெரும்பாலும் சதவீதக் குறிகளாக நீளும். ‘தமிழ்’ என்ற ஒரு சொல் மட்டும் 45 எழுத்தாகிவிடும். பெரியவர்கள் அதைப் பார்த்தால் ஏதோ மோசடி இணைப்பு என்று தொடவே மாட்டார்கள்.

நூர்_தேக்கா
திங்கள், மதியம் 1.05

செல்விக்கா, மாதவன் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அப்பாவின் தளத்துக்கு .எஸ்ஜி என்று முடியும் சிங்கப்பூர் முகவரி வாங்குங்கள். தேசிய நூலக வாரியம் 2006 முதல் இணையத்தளங்களைச் சேகரித்துக் காப்பகத்தில் வைக்கிறது. முன்பு ஒவ்வொரு தளத்துக்காரரிடமும் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 2019-ல் சட்டம் மாறிய பிறகு .எஸ்ஜி தளங்களை அனுமதி கேட்காமலே சேகரிக்கலாம். நாளைக்கு நமக்கு முடியாமல் போனாலும் ஒரு பிரதியாவது அங்கே மிஞ்ச வழி இருக்கிறது. .காம் என்றால் அந்தச் சட்டம் தானாகப் பொருந்தாது, நீங்களே தளத்தைப் பரிந்துரைக்க வேண்டும்.

விலை .காமைவிடக் கொஞ்சம் கூடுதல். பதிவு செய்ததும் சிங்பாஸ் எனும் அரசு மின்னடையாளம் மூலம் 21 நாளைக்குள் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும், மின்னஞ்சலைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

தமிழிலேயே .சிங்கப்பூர் என்று முடியும் முகவரியும் 2011 முதல் உண்டு. எனக்கு அதன்மேல் மிகுந்த ஆசை. இருந்தாலும் சில செயலிகளில் ஒட்டினால் எக்ஸ்என் என்று தொடங்கும் புரியாத எழுத்துகளாக மாறிவிடுகிறது. முதல் முகவரியாக .எஸ்ஜி வைத்து, முடிந்தால் தமிழ் முகவரியை அதற்குத் திருப்பிவிடுங்கள்.

செல்வி_செம்பவாங்
திங்கள், இரவு 10.30

மூவருக்கும் நன்றி. இன்று சாப்பிடும்போது குடியிருப்பு வாசலில் என்ன இருந்தது என்று அப்பாவிடம் கேட்டேன். முருங்கை, வாழை, பக்கத்து வீட்டு மலையாளி அம்மாவின் மரவள்ளி என்று ஆரம்பித்து அந்த அம்மா வீட்டுக் கல்யாணம் வரை போய்விட்டார். செடியும் கதையும் ஒரே தளம் என்று முடிவு செய்துவிட்டேன். தேர்வுக் குறிப்பு இப்போதைக்கு வாட்ஸ்அப் குழுவில்.

கதிர் தம்பி, விளம்பர யோசனைக்கு நன்றி. அப்பாவின் பக்கத்தில் விளம்பரம் வேண்டாம் என்று தோன்றுகிறது.

இரண்டு சந்தேகம். அப்பா சொல்லும் கதைகளில் பலருடைய பெயர் வருகிறது, சிலர் இன்னும் இருக்கிறார்கள். எழுதலாமா? அப்புறம், அவர் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்தால் அதையும் தளத்தில் ஏற்றலாமா?

கதிர்_ஜூரோங்
திங்கள், இரவு 10.48

சரி அக்கா, நீங்கள் சொல்வது நியாயம். நான் தேர்வுத் தளத்தை மட்டும் நினைத்துச் சொன்னேன். எப்போதாவது அதைத் தொடங்கினால் சொல்லுங்கள், என் மகள் இப்போது தொடக்கநிலை 4, முதல் வாசகர் நான்தான். விளம்பரம் போட்டால் அந்த வருமானத்தையும் வரிக் கணக்கில் காட்ட வேண்டும், அதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

மாதவன்_பிடோக்
செவ்வாய், காலை 6.40

செல்வி, இருப்பவர்களின் பெயரைக் கேட்காமல் போடாதீர்கள். கேட்க முடியாவிட்டால் ‘கிரேன் ஓட்டிய நண்பர்’, ‘எதிர் வீட்டு அம்மா’ என்று எழுதினால் போதும், கதைக்குக் குறைவு வராது. கடன், குடி, குடும்பச் சண்டை போன்றவை வரும் இடத்தில் இறந்தவர்களின் பெயரையும் தவிர்த்துவிடுங்கள். பிள்ளைகள் வாசிப்பார்கள்.

ஒலிப்பதிவைத் தாராளமாக ஏற்றுங்கள். தளத்தில் வைப்பது கேட்பதற்கான பிரதி மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலப் பதிவு கைப்பேசியில் ஒன்று, வீட்டுக் கணினியில் அல்லது தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, உறவினர் யாராவது ஒருவர் வீட்டில் ஒன்று என மூன்று இடத்தில் இருக்கட்டும். கோப்பின் பெயரிலேயே தேதியையும் பேசிய விஷயத்தையும் எழுதிவிடுங்கள். பேசும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியை மேசையில் ஒரு துணி விரித்து அதன்மேல் வையுங்கள். சத்தம் தெளிவாக இருக்கும்.

டொமைன், தளத்தின் அமைப்பு, வண்ணம் எல்லாவற்றையும் அடுத்த மாதம் பார்க்கலாம். இந்தச் சனிக்கிழமை ஒலிப்பதிவை மட்டும் ஆரம்பியுங்கள். கப்பல் பட்டறையில் அவர் முதல் நாள் வேலைக்குப் போனதைக் கேளுங்கள், இடையில் பேச்சு எங்கே போனாலும் தடுக்காதீர்கள். .எஸ்ஜி பதிவு செய்யும் நேரம் வரும்போது இங்கேயே எழுதுங்கள், நூரும் நானும் இருக்கிறோம்.