ஸ்பெயின்காரர்களைப் பற்றி பிரிட்டிஷ்காரர்கள் சொல்லக் கேட்டவை: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

நைட்‌டூட்டி:

வடக்கு இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஸ்பெயினில் வேலை கிடைக்காமல், படித்து முடித்த நர்ஸுகள் நிறையப் பேர் இங்கே வந்தார்கள். எங்கள் வார்டுக்கு மூன்று பேர். அதில் ஒரு பெண் எனக்கு நெருங்கிய தோழி.

அவளைப் பற்றி இங்கிலீஷ்காரர்கள் என்னிடம் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: மரியாதை தெரியாதவள். காரணம், அவள் பேச்சில் 'ப்ளீஸ்' வராது. "அந்தச் சார்ட்டைக் கொடு" என்பாள், வாங்கிக்கொண்டு போய்விடுவாள். அவள் ஊர்க் கடையில் "எனக்கு ஒரு காபி போடு" என்றுதான் கேட்பார்களாம். மரியாதையும் பிரியமும் குரலிலேயே இருக்கும், தனிச் சொல் தேவையில்லை. எனக்கு அது உடனே புரிந்தது. நம் வீட்டில் அம்மாவிடம் "தயவுசெய்து தண்ணீர் தருகிறீர்களா" என்று கேட்டுப் பாருங்கள், என் மேல் என்ன கோபம் என்பார்.

மறக்க முடியாதது ஒரு ராத்திரி நடந்தது. டாக்டர் வந்து, "உனக்குச் சிரமம் இல்லையென்றால், நான்காம் கட்டிலில் ஒருமுறை பிபி பார்க்க விருப்பமா?" என்றார். இவள் மருந்து வண்டியோடு நின்றவள், "இல்லை, இப்போது முடியாது" என்று சொல்லிவிட்டாள். அந்த இடமே அமைதியாகிவிட்டது. அவர் போட்டது உத்தரவு, இவள் காதில் விழுந்தது கேள்வி. நான் போய் பிபி பார்த்தேன். மறுநாள் அவளைக் கூப்பிட்டு 'பேசும் முறை' பற்றி அறிவுரை சொன்னார்கள். டாக்டரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்கு இன்றும் அது மனத்தை உறுத்துகிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

மேற்குஜன்னல்:

எங்கள் பக்கத்து வீட்டு இங்கிலீஷ் தம்பதி வருடா வருடம் ஸ்பெயினின் கடற்கரை ஊரான பெனிடோர்ம் போவார்கள். ஒரு ஜூலையில் எங்களையும் அழைத்துப் போனார்கள். தங்கமான மனிதர்கள், ஸ்பெயின் என்றால் உயிர். ஆனால் அவர்களிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருந்தது: ஸ்பெயின்காரர்கள் சோம்பேறிகள், மதியம் கடையை மூடிவிட்டுத் தூங்குவார்கள், எதைக் கேட்டாலும் 'மான்யானா', அதாவது நாளைக்கு.

இரண்டாம் நாள், கடற்கரைத் தெருக்களை விட்டு உள்ளே ஒரு சின்ன உணவகத்துக்குப் போனோம். மாலை ஆறரை மணி. சமையலறை எட்டரைக்குத்தான் திறக்கும் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பசியும் கோபமும். "இப்படி நடந்தால் இந்த நாடு எப்படி உருப்படும்?" என்றார்.

திரும்பி வந்ததும் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். பெனிடோர்ம் கிட்டத்தட்ட லண்டனுக்கு நேர் தெற்கே இருக்கிறது, கிரீன்விச் கோட்டின் பக்கத்திலேயே. தலைநகர் மத்ரீத் லண்டனுக்கும் மேற்கே. சூரியக் கணக்குப்படி இரண்டு நாட்டுக்கும் ஒரே கடிகாரம்தான் இருக்க வேண்டும். 1940-இல் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ஜெர்மனியின் நேரத்துக்குக் கொண்டுபோனது, திருப்பி வைக்கவே இல்லை. கோடைக்கு இன்னொரு மணி நேரம் கூடும். அதனால் ஜூலையில் மத்ரீதில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் இரண்டேகாலைத் தாண்டியிருக்கும். அவர்கள் இரண்டு மணிக்குச் சாப்பிடுவது சரியான உச்சிவேளைச் சாப்பாடு. ராத்திரி ஒன்பதரைச் சாப்பாடு வெயிலின் கணக்கில் ஏழரை.

அப்புறம் அந்தத் தூக்கம். நாங்கள் தங்கிய இடத்தில் அறை சுத்தம் செய்த அம்மா காலை ஏழு மணிக்கே வந்துவிடுவார். மதியம் தூங்கியதாக எனக்குத் தெரியாது. தெற்கே கோர்தோபா, செவில்யா பக்கம் நாற்பது டிகிரி வெயிலில் கடையை மூடுவதில் என்ன தப்பு? மூடிய கடை சாயங்காலம் திறந்து ராத்திரி எட்டரை, ஒன்பது வரை நடக்கிறது. எங்கள் ஊர்க் கடைத்தெரு ஐந்தரைக்கே அடைந்துவிடும்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "இருபது வருடமாகப் போகிறேன், ஒருவரும் எனக்கு இதைச் சொல்லவில்லையே" என்றார்.

தட்டுமேசை:

எனக்கு ஓட்டல் வேலை. கூட வேலை செய்த பார்சிலோனாக்காரரை வாடிக்கையாளர்கள் 'மனுவேல்' என்று கூப்பிடுவார்கள். அவர் பெயர் அது இல்லை. 1975-இல் பிபிசியில் வந்த 'ஃபால்டி டவர்ஸ்' நாடகத்தில் இங்கிலீஷ் புரியாமல் முதலாளியிடம் அடி வாங்கும் பார்சிலோனா சர்வரின் பெயர். அந்த வேடத்தில் நடித்த ஆண்ட்ரூ சாக்ஸ் ஸ்பெயின்காரரே இல்லை, பெர்லினில் பிறந்தவர், அப்பா யூதர் என்பதால் நாஜிகளிடமிருந்து தப்பி வந்த குடும்பத்துப் பிள்ளை. என் நண்பர் மூன்று மொழி பேசுவார். முதல் வருடம் சிரித்தார், இரண்டாம் வருடம் சிரிப்பை நிறுத்திவிட்டார். கூப்பிட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை, தாராளமாக டிப்ஸ் வைப்பவர்கள். ஆனாலும் ஒரு மனிதனின் பெயரை அவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

தென்கரை:

நல்லதையும் ஒன்று எழுத வேண்டும். சவுத்தாம்ப்டனில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தபோது ஒரு இங்கிலீஷ் பாட்டி இருந்தார். தொலைக்காட்சியில் பார்சிலோனாவையோ மயோர்க்கா தீவையோ காட்டி, சுற்றுலாப் பயணிகளுக்கு எதிராக ஊர்வலம் போகிறார்கள் என்று செய்தி வந்தால், மற்றவர்கள் "நம் காசில்தானே வாழ்கிறார்கள்" என்பார்கள். 2019-இல் மட்டும் பிரிட்டனிலிருந்து சுமார் 1 கோடியே 80 லட்சம் பேர் ஸ்பெயின் போனார்கள், அதனால் அப்படிப் பேசுகிறவர்கள் எங்கேயும் இருக்கிறார்கள். பாட்டி மட்டும் அந்தப் பேச்சில் சேரவே மாட்டார்.

ஒருநாள் காரணம் சொன்னார். 1937 மே மாதம், ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், வடக்கே பாஸ்க் பகுதியில் உள்ள கெர்னிகா ஊர் மேல் குண்டு விழுந்த சில வாரங்களில், 'ஹபானா' என்ற கப்பலில் கிட்டத்தட்ட 4,000 பாஸ்க் குழந்தைகள் இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அரசாங்கம் செலவுக்குப் பணம் தர மறுத்துவிட்டது. ஊர் மக்களே ஈஸ்ட்லீ பக்கம் வயலில் கூடாரம் அடித்து, சோறு போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பாட்டிக்கு அப்போது எட்டு வயது. அவர் அப்பா கூடாரம் அடிக்கப் போனவர்களில் ஒருவர். பாட்டி தன் பழைய மேல்கோட்டு ஒன்றைத் தன் வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கொடுத்தாராம்.

"அவள் நன்றி சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அன்று முழுக்க விடவே இல்லை" என்றார்.

நைட்‌டூட்டி:

தென்கரை, இதை என் தோழிக்கு இன்று ராத்திரியே படித்துச் சொல்லப் போகிறேன். அவள் அதே பாஸ்க் பகுதியின் பில்பாவோக்காரி.